வளையத்தடியில் நிற்பவர்கள்

1946 நவம்பர் 1 அன்று டொராண்டோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் ஒரு புது லீக்கின் முதல் ஆட்டம் நடந்தது. ஐஸ் ஹாக்கிக்காகக் கட்டிய அரங்கம் அது. கூடைப்பந்து பார்க்கக் காசு கொடுத்து வரும் பழக்கம் அந்த ஊருக்கு இன்னும் ஏற்பட்டிருக்கவில்லை. கூட்டம் சேர்ப்பதற்காக டொராண்டோ ஹஸ்கீஸ் அணி ஒரு சலுகையை விளம்பரம் செய்தது: தங்கள் சென்டர் ஜார்ஜ் நாஸ்ட்ராண்டைவிட உயரமானவர் யார் வந்தாலும் அவருக்கு டிக்கெட் இலவசம். நாஸ்ட்ராண்டின் உயரம் 6 அடி 8 அங்குலம். அன்று 7,090 பேர் வந்தார்கள். நியூயார்க் அணி 68–66 என்று வென்றது. ஹஸ்கீஸ் அந்த ஒரே சீசனோடு கலைந்தது. லீக் பிழைத்துக்கொண்டு, 1949இல் என்.பி.ஏ. என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அதே டொராண்டோவில் 2002 மே 14 அன்று பிறந்தவர் ஸாக் ஈடி. உயரம் 7 அடி 4 அங்குலம், எடை சுமார் 136 கிலோ. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மிக உயர்ந்த தனிநபர் விருதை அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் வாங்கியவர். இன்று மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அணியின் சென்டர். அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்த உயரத்தில் தொடங்கி உயரத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் வளையத்தடியில் நிற்பது ஒரு தொழில். அதற்கென்று நுணுக்கங்கள் உண்டு, ஆசான்கள் உண்டு, ஒரு நீண்ட வரலாறும் உண்டு. அந்த வரலாற்றில் பாதி, இந்தத் தொழிலை அடக்கிவைக்க எழுதப்பட்ட விதிகளின் கதை. ஈடி எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பது அதைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

கதையின் முதல் ஆளே கனடாக்காரர். ஒன்டாரியோவின் ஆல்மாண்ட் ஊருக்கு அருகே 1861இல் பிறந்து, மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே ஆடுவதற்கு ஒரு விளையாட்டு வேண்டும் என்று பள்ளி கேட்டது. கால்பந்தையும் ரக்பியையும் உள்ளே கொண்டுவந்து பார்த்தார்கள். கைகால் உடையும் நிலை வந்தது. இலக்கு தரைமட்டத்தில் இருந்தால் வேகமாக எறிபவனுக்குத்தான் வெற்றி, அந்த வேகம்தான் காயத்துக்குக் காரணம் என்று நெய்ஸ்மித் யோசித்தார். இலக்கைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டால் பந்தை வளைவாக, பதமாக எறிந்தாக வேண்டும். சிறுவயதில் ஆல்மாண்ட் பக்கம் ஆடிய கல்லெறி ஆட்டமும் அவர் நினைவில் இருந்தது. உடற்பயிற்சிக் கூடத்தின் மாடி விளிம்பில் பீச் பழக் கூடைகளை ஆணியடித்து மாட்டினார்கள். அந்த விளிம்பு தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றுவரை வளையத்தின் உயரம் அதே 10 அடிதான்.

முரட்டுத்தனத்தைக் குறைக்கத்தான் அவர் கூடையை மேலே தூக்கினார். அந்த ஒரே முடிவால், வானத்துக்கு அருகில் பிறந்தவர்களுக்கென்று ஒரு வேலை உருவாகும் என்பதை அவர் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. முதல் ஆட்டத்தில் ஆடிய 18 மாணவர்களில் கனடாக்காரர்கள் பலர். அவர்களில் ஒருவரான டங்கன் பாட்டன் பிற்பாடு ஒய்.எம்.சி.ஏ. பணிக்காக இந்தியாவுக்கு வந்தார். அதே ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் படித்த ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குத் தலைமுறை தலைமுறையாக பி.டி. ஆசிரியர்களை அனுப்பிய கல்லூரி அது.

ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்து ஆட்டக்களத்தின் நடுவட்டத்துக்குப் போகும். நடுவர் அதை மேலே எறிவார். இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் எகிறித் தட்டுவார். அந்த எகிறும் ஆள்தான் சென்டர். உயரமான ஒருவர் ஒவ்வொரு முறையும் பந்தைத் தன் பக்கம் தட்டிவிட்டால் எதிரணிக்குப் பந்தே கிடைக்காது. 1937இல் இந்த வழக்கத்தை நீக்கினார்கள். கூடை விழுந்ததும் எதிரணி பந்தைக் கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே வீசி ஆட்டத்தைத் தொடரலாம் என்றானது. ஆட்டம் வேகம் பிடித்தது. சென்டரின் வேலை நடுவட்டத்திலிருந்து வளையத்தடிக்கு இடம் மாறியது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டே, வளையத்தின் முன்னால் இருக்கும் கட்டத்துக்குள் தாக்கும் அணிக்காரர் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதியும் வந்துவிட்டது. வளையத்தை 12 அடிக்கு உயர்த்த வேண்டும் என்று கன்சாஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஃபாக் ஆலன் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். நெய்ஸ்மித்திடமே படித்தவர் அவர். அவர் வேண்டுகோள் நிறைவேறவில்லை. பிற்பாடு அவரே 7 அடி வில்ட் சேம்பர்லினைத் தன் கல்லூரிக்கு அழைத்து வந்தார்.

நெடியவர்களைப் பற்றிய எண்ணத்தை மாற்றியவர் ஜார்ஜ் மைக்கன். 6 அடி 10 அங்குலம், தடித்த மூக்குக்கண்ணாடி, தடுமாறும் நடை. அவ்வளவு உயரமானவர்கள் ஆட்டத்துக்கு லாயக்கில்லை என்பதே அன்றைய பொதுக்கருத்து. சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ரே மேயர் அவரைக் கயிறு தாண்டவைத்தார், நிழல் குத்துச்சண்டை போடவைத்தார், நடனம்கூடக் கற்கவைத்தார். வளையத்தின் இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை என்று பந்தைக் கீழே இறக்காமல் மாறி மாறிப் போடும் பயிற்சியை ஓயாமல் செய்யவைத்தார். உலகம் முழுக்க இன்றும் கூடைப்பந்துப் பிள்ளைகள் அதை மைக்கன் ட்ரில் என்ற பெயரிலேயே செய்கிறார்கள். ஒரு சென்டரை உருவாக்குவதில் உயரத்தைவிடப் பாதங்களுக்குப் பங்கு அதிகம் என்று முதலில் நிரூபித்தவர் மேயர்தான்.

மைக்கன் வென்றார், விதிகள் மாறின. வளையத்தை நோக்கி இறங்கும் பந்தைக் குறுக்கே தட்டுவதை 1944இல் கல்லூரி ஆட்டத்தில் தடை செய்தார்கள். 1950 நவம்பரில் ஃபோர்ட் வேன் அணி மைக்கனிடம் பந்து போய்விடக் கூடாது என்பதற்காக ஆடாமலே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்று 19–18 என்று வென்றது. அத்தகைய ஆட்டங்களைச் சகிக்க முடியாமல்தான் 1954இல், பந்து கிடைத்த அணி 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற கடிகார விதி வந்தது. வளையத்தின் முன் இருக்கும் கட்டத்தின் அகலத்தை 1951இல் 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். அடுத்து வந்த சேம்பர்லின் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார்; 1964இல் அந்த அகலம் 16 அடியானது. பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று அறியப்பட்ட லூ அல்சிண்டர் கல்லூரியில் ஆடிய காலத்தில், 1967இல், பந்தை மேலிருந்து வளையத்துக்குள் திணிக்கும் டங்க்கையே தடை செய்தார்கள். 1976 வரை அந்தத் தடை நீடித்தது. கூடைப்பந்தில் வேறெந்த இடத்தில் ஆடுபவருக்கு எதிராகவும் இத்தனை விதிகள் எழுதப்படவில்லை.

இந்தத் தொழிலில் கனடாவுக்கென்று ஒரு மரபு இருக்கிறது. வான்கூவரில் 1932இல் பிறந்து சியாட்டிலில் வளர்ந்த பாப் ஹூப்ரெக்ஸ், வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காக ஹூக் ஷாட் அடித்தே 1953இல் ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர் ஆனார். வளையத்துக்குப் பக்கவாட்டில் நின்று, உடம்பைத் தடுப்பாக வைத்து, நீட்டிய கையை அரைவட்டமாகச் சுழற்றிப் பந்தை விடுவது ஹூக் ஷாட். தடுப்பவரின் கைக்கும் பந்துக்கும் நடுவில் எறிபவரின் முழு உடம்பு இருக்கும். எழுபது ஆண்டு கழித்து ஈடி அதே ஆயுதத்தைக் கையில் எடுத்தபோது, பலர் அதைப் பழங்காலத்து வித்தை என்றார்கள். பழையதுதான், ஆனால் தடுக்க முடியாதது.

1980களில் ஒன்டாரியோவிலிருந்து போன 7 அடி மைக் ஸ்ம்ரெக், அப்துல்-ஜப்பாருக்கு மாற்றாளாக லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸில் அமர்ந்து 1987, 1988 பட்டங்களில் பங்கு பெற்றார். மாண்ட்ரியலில் பிறந்த பில் வென்னிங்டன் சிகாகோ புல்ஸின் மூன்று தொடர் பட்டங்களில் இருந்தார். 1995 மார்ச் 28 அன்று மைக்கேல் ஜோர்டன் நியூயார்க்கில் 55 புள்ளி எடுத்த புகழ்பெற்ற ஆட்டத்தில், கடைசி விநாடிகளில் இரண்டு பேர் தன்மேல் பாய்ந்தபோது ஜோர்டன் பந்தைக் கொடுத்தது வளையத்தடியில் தனியாக நின்ற வென்னிங்டனிடம்தான். அவர் டங்க் செய்து ஆட்டத்தை முடித்தார். சரியான இடத்தில், சரியான நேரத்தில், கையை உயர்த்தி நிற்பது இந்தத் தொழிலின் பாதி.

வின்னிபெக்கின் டாட் மெக்கல்லக் 2001இல் ஃபிலடெல்ஃபியாவுக்கும் 2002இல் நியூ ஜெர்சிக்கும் இறுதித் தொடரில் ஆடினார். நரம்புகளைப் பாதிக்கும் பரம்பரை நோய் ஒன்று அவருடைய பாதங்களைப் பலவீனமாக்கி, இளம் வயதிலேயே ஆட்டத்தை முடித்துவைத்தது. டொராண்டோவின் ஜமால் மக்லோயர் 2004 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் கிழக்கு அணிக்காக அதிகப் புள்ளி எடுத்தார். 2011இல் டொராண்டோ ராப்டர்ஸுக்கு ஆடிய முதல் கனடாக்காரர் என்ற பெயரும் அவருக்குத்தான். மாண்ட்ரியலின் ஜோயல் ஆண்டனி மயாமியோடும், பிராம்ப்டனின் டிரிஸ்டன் தாம்ப்சன் கிளீவ்லாந்தோடும் பட்டம் வென்றார்கள்.

உயரம் மட்டும் போதாது என்பதற்கு சிம் புல்லரின் கதையைச் சொல்ல வேண்டும். டொராண்டோவில் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த இவர் 7 அடி 5 அங்குலம். 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ கிங்ஸுக்காகக் களமிறங்கி, என்.பி.ஏ.வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர் ஆனார். அங்கே அவர் ஆடியது மூன்றே ஆட்டங்கள். ஈடியைவிட ஓர் அங்குலம் கூடுதல் உயரம், உழைப்பும் உண்டு. ஆனால் அந்த லீக்கின் ஓட்டத்துக்கு ஈடுகொடுப்பது வேறு விஷயம். உயரமாகப் பிறந்ததால்தான் வென்றார் என்று ஈடியைப் பற்றிச் சொல்பவர்கள் இதை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஈடி டொராண்டோவின் லீசைடு பகுதியில் வளர்ந்தவர். தாய் சீன வம்சாவளி. சிறுவயதில் ஆடியது ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும். ஹாக்கியில் தடுப்பாட்டக்காரர், பேஸ்பாலில் பந்து வீசுபவர். உயரத்தைப் பார்த்துக் கூடைப்பந்துக்கு வா என்று வற்புறுத்தியவர்களுக்குப் பஞ்சமில்லை. அந்த வற்புறுத்தலே அவருக்குப் பிடிக்கவில்லை. பத்தாம் வகுப்புக் காலத்தில்தான் பந்தைக் கையில் எடுத்தார். அமெரிக்க நட்சத்திரங்கள் ஏழெட்டு வயதில் தொடங்கும் ஆட்டத்தை இவர் தொடங்கும்போது வயது பதினாறை நெருங்கிவிட்டது. டொராண்டோவின் நார்தர்ன் கிங்ஸ் அணியில் சிறிது காலம் ஆடிவிட்டு, ஃப்ளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனார். அங்கும் முதல் அணியில் இடம் உடனே கிடைக்கவில்லை. பள்ளி வீரர்களின் தேசியத் தரவரிசைப் பட்டியல்களில் அவருக்கு முன்னால் நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள்.

தாமதம் அவருக்குக் கெடுதல் செய்யவில்லை என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து. இளவயதில் கூடைப்பந்தில் வளரும் நெடிய பையன்கள் இன்று மூன்று புள்ளிக் கோட்டில் நின்று எறியவே பழகுகிறார்கள். ஈடிக்கு அந்தப் பழக்கம் ஏற்பட வாய்ப்பே இல்லாமல் போனது. பனிமேல் சறுக்கிய கால்களுக்குச் சமநிலை தெரிந்திருந்தது. பேஸ்பால் பிடித்த கைகளுக்குப் பந்தை நழுவவிடாத பழக்கம் இருந்தது. மீதியை முதலிலிருந்தே கற்பிக்க ஒருவர் தேவைப்பட்டார்.

அந்த இடம் இண்டியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழகம். சென்டர்களை வளர்ப்பது அங்கே ஏற்கெனவே ஒரு வழக்கம். என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1980இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட 7 அடி ஜோ பேரி கேரல் அங்கு படித்தவர். மற்ற கல்லூரிகள் வளையத்தடி ஆட்டத்தைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்திலும் பயிற்சியாளர் மேட் பெயின்டர், ஏ.ஜே. ஹேமண்ட்ஸ், ஐசக் ஹாஸ், மேட் ஹார்ம்ஸ் என்று ஒருவர் பின் ஒருவராக ஏழடிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2012இல் என்.பி.ஏ. தன் ஆல்-ஸ்டார் வாக்குச்சீட்டிலிருந்து சென்டர் என்ற பிரிவையே எடுத்துவிட்டு, முன்வரிசை வீரர் என்ற பொதுப்பெயரில் சேர்த்தது. 2015 இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் அணி 7 அடி ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து, குட்டையான ஐவரைக் களமிறக்கிப் பட்டம் வென்றது. அதன்பிறகு எல்லா அணிகளும் தூரத்திலிருந்து எறிவதையும் வேகத்தையுமே தேடின. யோகிச், எம்பீடு போன்ற சென்டர்கள் 2021 முதல் 2024 வரை லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வரிசையாக வாங்கினார்கள்; ஆனால் அவர்கள் தூர எறியவும், ஆட்டத்தை நடத்திச் செல்லவும் தெரிந்த புது வகையினர். முதுகை வளையத்துக்குக் காட்டி நின்று, இடுப்பால் இடம்பிடித்து, தலைக்கு மேலே பந்து வாங்கி, ஒரு திருப்பத்தில் ஹூக் போடும் பழைய வகைக்கு எதிர்காலம் இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

2020இல் பர்டியூ வந்த ஈடி முதல் இரண்டு ஆண்டுகள் ட்ரெவியன் வில்லியம்ஸ் என்ற மூத்த சென்டரோடு நேரத்தைப் பகிர்ந்துகொண்டார். இரண்டாம் ஆண்டில் ஓர் ஆட்டத்துக்கு 20 நிமிடத்துக்கும் குறைவாகவே களத்தில் இருந்தும் சராசரியாக 14.4 புள்ளி எடுத்தார். அந்தப் பெரிய உடம்பைக் களத்தின் இரு முனைகளுக்கும் நடுவே ஓடவைக்க மூச்சு வேண்டும். அதைச் சேர்ப்பதற்கே இரண்டு ஆண்டுகள் ஆயின. மூன்றாம் ஆண்டு முழுநேரமாகக் களமிறங்கினார். சராசரி 22.3 புள்ளி, 12.9 ரீபவுண்ட் (எறிந்து தவறிய பந்தைப் பிடிப்பது). நாட்டின் சிறந்த வீரர் விருது வீடு தேடி வந்தது.

அவர் ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்தால் பரபரப்பான எதுவும் தெரியாது. பந்து மறுமுனைக்குப் போனதும் நேராக வளையத்தை நோக்கி ஓடுவார். தடுப்பவர் தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று காலை அகட்டிக்கொள்வார். கை மேலே போகும். பந்தை வாங்கியபின் தாடைக்குக் கீழே இறக்கமாட்டார். இறக்கினால் குட்டையான ஆட்டக்காரர்கள் தட்டிப் பறித்துவிடுவார்கள். இரண்டு பேர் வந்து சூழ்ந்தால் பதறாமல் நின்று, தனியாக நிற்கும் தோழரைப் பார்த்து வெளியே எறிவார். தடுப்பவர்கள் தோளில் தொங்குவார்கள், முழங்கையால் இடிப்பார்கள். முகத்தைக் கோணாமல் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போவார். இவ்வளவுதான். இந்த எளிமையை ஓர் ஆட்டத்தில் முப்பது முறை, பிழையில்லாமல் செய்வது எவ்வளவு கடினம் என்பது அந்த இடத்தில் நின்று ஆடியவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் மார்ச் மாதம் வந்தால் பர்டியூவுக்குச் சோதனை. தேசியப் போட்டியில் ஒவ்வொரு பிரிவிலும் அணிகளை 1 முதல் 16 வரை வரிசைப்படுத்துவார்கள். 2021இல் 13ஆம் இடத்து நார்த் டெக்சஸிடம் பர்டியூ தோற்றது. 2022இல் 15ஆம் இடத்து செயின்ட் பீட்டர்ஸிடம் தோற்றது. 2023 மார்ச் 17 அன்று, முதலிடத்தில் இருந்தும், 16ஆம் இடத்து ஃபேர்லி டிக்கின்சனிடம் 63–58 என்று வீழ்ந்தது. ஆண்கள் போட்டியின் வரலாற்றில் அப்படி நடந்தது அது இரண்டாவது முறை. நாட்டின் முதல்நிலைக் கல்லூரி அணிகளிலேயே சராசரி உயரம் மிகக் குறைந்த அணி ஃபேர்லி டிக்கின்சன். ஈடி 21 புள்ளியும் 15 ரீபவுண்டும் எடுத்திருந்தார். அவருக்குப் பந்து போகாமல் முன்னும் பின்னும் மறித்துவிட்டு, பர்டியூவின் மற்றவர்களைத் தூரத்திலிருந்து எறியவிட்டார்கள். எறிந்த பந்துகள் விழவில்லை. கேலி முழுக்க உயரமானவர்மேல் விழுந்தது.

அவர் அந்த வருடமே என்.பி.ஏ.வுக்குப் போயிருக்கலாம். டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்து, அணிகளின் முன் பயிற்சி செய்து காட்டிவிட்டு, கடைசி நேரத்தில் திரும்பக் கல்லூரிக்கே வந்தார். பணத்துக்காக வந்த முடிவும் அல்ல அது. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பர வருமானம் பெறலாம் என்று விதி மாறியிருந்தது. ஆனால் மாணவர் விசாவில் இருந்த கனடாக்காரருக்கு அமெரிக்க மண்ணில் வேலை செய்து சம்பாதிக்கத் தடை. நாட்டின் சிறந்த வீரருக்குத் தன் அணித்தோழர்களுக்குக் கிடைத்த வாய்ப்புகள் பல கிடைக்கவில்லை. இது அநியாயம் என்று சொல்வதற்கு அதிக யோசனை வேண்டியதில்லை.

நடுவில் இன்னொன்று நடந்தது. 2023 உலகக் கோப்பையில் கனடா ஆண்கள் அணி மணிலாவில் அமெரிக்காவைக் கூடுதல் நேரத்தில் 127–118 என்று வென்று வெண்கலம் பெற்றது. உலகக் கோப்பையில் அவர்களுக்குக் கிடைத்த முதல் பதக்கம். அந்த அணியில் ஈடிக்கும் இடம் இருந்தது. ஆடிய நிமிடங்கள் குறைவு, கண்ட ஆட்டம் பெரிது.

நான்காம் ஆண்டு பழைய கணக்கெல்லாம் தீர்ந்தது. சராசரி 25.2 புள்ளி, 12.2 ரீபவுண்ட். பர்டியூவின் வரலாற்றில் அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற ரிக் மவுன்டின் சாதனை அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. ஈடி அதைத் தாண்டினார். டெட்ராய்ட்டில் டென்னசிக்கு எதிரான காலிறுதியில் 40 புள்ளியும் 16 ரீபவுண்டும் எடுத்தார். 1980க்குப் பிறகு முதல் முறையாக பர்டியூ கடைசி நான்கு அணிகளில் ஒன்றானது. ஆண்டின் சிறந்த வீரர் விருது இரண்டாம் முறையும் வந்தது. இதற்கு முன் கடைசியாக இப்படி அடுத்தடுத்து அதை வாங்கியவர் 1980களின் தொடக்கத்தில் ரால்ஃப் சாம்ப்சன். அவரும் 7 அடி 4 அங்குலம்தான்.

2024 ஏப்ரல் 8, அரிசோனாவில் இறுதி ஆட்டம். எதிரே நடப்பு வாகையர் கனெக்டிகட். அவர்களிடமும் 7 அடி 2 அங்குலத்தில் டோனவன் கிளிங்கன் இருந்தார். அவர்கள் ஈடியைச் சூழவே இல்லை. கிளிங்கனைத் தனியாக விட்டு மோதவைத்துவிட்டு, மற்ற நால்வரும் பர்டியூவின் எறிபவர்களை ஒட்டியே நின்றார்கள். ஈடி 37 புள்ளி எடுத்தார். பர்டியூ மொத்தம் எடுத்ததே 60. அணி முழுவதும் அன்று மூன்று புள்ளி எறிய முடிந்தது ஏழு முறைதான், விழுந்தது ஒன்று. 75–60. ஒரு சென்டர் தன் தொழிலை முழுமையாகச் செய்தும் அணி தோற்ற ஆட்டம் அது. வளையத்தடி ஆட்டத்தின் பலன் பாதி வெளியே நிற்பவர்கள் வழியாகத்தான் வரும் என்பதைக் கனெக்டிகட்டின் பயிற்சியாளர் டான் ஹர்லி நன்றாகப் படித்திருந்தார்.

அந்த ஜூன் மாத டிராஃப்டில் மெம்ஃபிஸ் அவரை 9ஆம் ஆளாக எடுத்தது. பலர் எதிர்பார்த்ததைவிட அது உயர்ந்த இடம். சில மாதங்களுக்கு முன் தன் பலசாலி சென்டர் ஸ்டீவன் ஆடம்ஸை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டிருந்த மெம்ஃபிஸுக்கு வளையத்தடியில் ஆள் இல்லை. மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் கனடாவில் பிறந்த அணி என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. 1995இல் டொராண்டோ ராப்டர்ஸோடு சேர்ந்து வான்கூவரில் தொடங்கப்பட்டது. 2001இல் டென்னசி மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. வான்கூவர் தன் முதல் டிராஃப்டில் எடுத்ததும் ஒரு சென்டரைத்தான்: ஓக்லஹோமாவின் பிரையன்ட் ரீவ்ஸ், 7 அடி. முதுகுவலி அவரைச் சில ஆண்டுகளிலேயே ஓய்வுக்கு அனுப்பியது. பிற்பாடு மெம்ஃபிஸில் மார்க் கசோல் அந்த இடத்துக்குப் பெருமை சேர்த்தார். 2019இல் அவர் டொராண்டோவுக்குப் போய், கனடாவின் முதல் என்.பி.ஏ. பட்டத்தில் சென்டராக நின்றார்.

முதல் சீசனில் ஈடி 66 ஆட்டங்கள் ஆடினார். சராசரி 9.2 புள்ளி, 8.3 ரீபவுண்ட், களத்தில் இருந்த நேரமோ சுமார் 21 நிமிடம். புதுமுகங்களின் முதல் ஐவரில் தேர்வானார். கல்லூரியில் அவரைச் சுற்றியே ஆட்டம் நடந்தது. இங்கே அவர் வேலை வேறு: பந்து கையாளும் ஜா மொரான்ட் போன்றவர்களுக்குத் தடுப்பவரை மறித்து வழிவிடுவது, தவறிய பந்துகளை மேலிருந்து பறிப்பது, வளையத்துக்கு வருபவர்களை அச்சுறுத்துவது, அவ்வப்போது மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்தும் எறிந்து பார்ப்பது. வேகமான சிறிய ஆட்டக்காரர்கள் அவரைத் திறந்த வெளிக்கு இழுத்து, பக்கவாட்டில் ஓடவைத்தார்கள். 2025 பிளே-ஆஃபில் ஓக்லஹோமா சிட்டி நான்கே ஆட்டங்களில் மெம்ஃபிஸை வெளியேற்றியது. அந்த அணியை நடத்தியவரும் கனடாக்காரர், ஹாமில்டனில் வளர்ந்த ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர்.

நெடியவர்களின் தொழிலுக்கு ஒரு வாடிக்கையான வினை உண்டு: அது பாதங்களில் தொடங்கும். பில் வால்டனின் பாதங்கள், சாம்ப்சனின் முழங்கால்கள், யாவ் மிங்கின் எலும்பு முறிவுகள். ஈடிக்கு இடது கணுக்கால். 2025 ஜூனில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நவம்பரில் திரும்பிவந்து சில ஆட்டங்கள் ஆடினார். அதே கணுக்கால் மறுபடி அவரை வெளியே உட்காரவைத்தது. 136 கிலோ எடை ஒவ்வொரு எகிறலிலும் இறங்குவது அந்தச் சிறு மூட்டின்மேல்தான். எவ்வளவு நிமிடம் ஆடவைப்பது, எப்போது ஓய்வு கொடுப்பது என்பதே இனி அவர் வாழ்க்கையின் முக்கியக் கணக்காக இருக்கும். அதில் அவசரப்பட்ட அணிகள் நல்ல சென்டர்களை இழந்திருக்கின்றன.

2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குக் கனடா அணி பயிற்சி தொடங்கியபோது, என்.பி.ஏ. தொடக்கத்துக்குத் தயாராக வேண்டும் என்று ஈடி விலகிக்கொண்டார். காலிறுதியில் கனடா பிரான்சிடம் தோற்றது. விக்டர் வெம்பன்யாமா, ரூடி கோபேர் என்று இரண்டு நெடியவர்கள் இருந்த அணி அது. கனடாவுக்குக் கூடைப்பந்தில் கிடைத்த ஒரே ஒலிம்பிக் பதக்கம் 1936 பெர்லினில் வாங்கிய வெள்ளிதான். அன்று இறுதி ஆட்டம் திறந்தவெளி மண் களத்தில், கொட்டும் மழையில், அமெரிக்காவுக்கு எதிராக 19–8 என்று முடிந்தது. கூடையை மேலே மாட்டிய நெய்ஸ்மித் அந்த ஒலிம்பிக்கில் விருந்தினராக இருந்தார். அடுத்த ஒலிம்பிக் 2028இல் லாஸ் ஏஞ்சலஸில். கில்ஜஸ்-அலெக்சாண்டர் தலைமையில் தூர எறியவும் பந்தை நடத்தவும் கனடாவிடம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். வளையத்தடிக்கு ஒரு ஆள் வேண்டும். அப்போது ஈடிக்கு வயது 26.